மும்பையில் வெள்ள அபாயமும் காப்பீடும்

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் பிற்பகல், தென் மும்பையின் கோட்டைப் பகுதியில் இருந்த அலுவலகத்தில் பணியில் இருந்தேன். சன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்தது வழக்கமான பருவமழைதான். ஆண்டாப் ஹில் அரசுக் குடியிருப்பில் தரைத்தள வீடுகளுக்குள் நீர் புகுந்துவிட்டதென்று தொலைபேசியில் செய்தி வந்தபோது, உடன் பணிபுரிந்தோர் அதனை மிகையென்றே எண்ணினர். நானும் அவ்வாறே எண்ணினேன். மறுநாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கொலாபா வானிலை நிலையத்தில் பதிவான மழை 73 மி.மீ. சாந்தாக்குரூஸ் நிலையத்தில் பதிவானதோ 944 மி.மீ. இவ்விரு நிலையங்களும் ஒரே மாநகரில், ஒன்றிலிருந்து மற்றொன்று 25 கிலோ மீட்டருக்கு உட்பட்ட தொலைவில் உள்ளவை. அந்த வெள்ளத்தில் மகாராஷ்டிர மாநிலத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஒரு நகரின் வெள்ள அபாயம் என்று பொதுவாகப் பேசுவதில் பொருள் அதிகமில்லை என்பதை அந்த இரண்டு எண்களே காட்டிவிடுகின்றன. அபாயம் தெருவுக்குத் தெரு மாறுகிறது. ஒரே தெருவில் வாசற்படிக்கு வாசற்படி மாறுகிறது. வெள்ளத்திற்கு எதிரான காப்பீடும் இந்த அளவிலேயே புரிந்துகொள்ளப்பட வேண்டும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய, தமிழ் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் மூன்று பகுதிகளை முன்வைத்து இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர் எங்கிருந்து வருகிறது

மும்பை ஏழு தீவுகளை இணைத்து எழுந்த நகரம் என்பது பள்ளிப் பாடம். ஆனால், தீவுகளுக்கு இடையே இருந்த கழிமுகங்களும் சதுப்பு நிலங்களும் தூர்க்கப்பட்ட பின்னரும் தாழ்வாகவே உள்ளன என்பது பலர் நினைவில் நிற்பதில்லை. நகரின் வடக்கே மலைக்காட்டின் அடிவாரத்தில் விஹார், பவாய் என இரண்டு ஏரிகள் உள்ளன. விஹார் ஏரி நகரின் குடிநீருக்காக 1860இல் கட்டிமுடிக்கப்பட்டது. பருவமழையில் இவ்விரு ஏரிகளும் நிரம்பி வழியும் நீரே மிட்டி ஆற்றின் பிறப்பிடம். ஏறத்தாழ 18 கிலோ மீட்டர் ஓடும் இவ்வாறு விமான நிலையத்தின் ஓரமாக வளைந்து, குர்லா, கலீனா, பாந்திரா-குர்லா வளாகம் ஆகியவற்றைக் கடந்து, தாராவியின் வடக்கு விளிம்பைத் தொட்டு, மாஹிம் கழிமுகத்தில் கடலை அடைகிறது. கோடையில் சாக்கடையாகத் தோன்றும் ஓடைக்கு ஆறு என்ற பெயர் எதற்கு என்று எண்ணியவர்கள், 2005இல் அதற்கு விடை கண்டார்கள்.

ஆற்றைக் காட்டிலும் அன்றாடத் தொல்லை தருவது வடிகால். நகரின் மழைநீர் வடிகால்கள் பல நூறாண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையவை. கடல் வற்றியிருக்கும் நேரத்தில், மணிக்கு 25 மி.மீ. மழையை வெளியேற்றும் அளவுக்கே அவை அமைக்கப்பட்டன. அதிலும் பெய்யும் நீரில் பாதி நிலத்தில் ஊறிவிடும் என்ற அனுமானத்தின் மேல். இக்கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 25 மி.மீ. மழை பெய்தால் திரளும் நீர் இரண்டரை இலட்சம் லிட்டர். பாதி ஊறினால் வடிகால் சுமக்க வேண்டியது ஒன்றேகால் இலட்சம் லிட்டர். முற்றங்களும் தோட்டங்களும் சிமெண்டால் மூடப்பட்டபின் ஊறுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதே மழைக்கு நீர் இரு மடங்காகிறது. மணிக்கு 100 மி.மீ. பெய்தால், வடிகாலின் திறனைப்போல் எட்டு மடங்கு நீர் திரள்கிறது. 2005 ஜூலை 26 அன்று மழை இந்த அளவையும் கடந்தது.

கடல் இதில் மூன்றாவது பங்காளி. மாநகரின் 186 வடிகால் வாய்களில் 45 சராசரிக் கடல்மட்டத்திற்கும் கீழே உள்ளன. 135 சராசரிக் கடல்மட்டத்திற்கு மேலே இருப்பினும் கடல் ஏற்றத்தின்போது மூழ்குபவை. எந்நேரமும் தடையின்றி நீரை வெளியேற்றக் கூடியவை 6 மட்டுமே. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கனமழை பெய்தால் வடிகால் வாய் வழியே நகர நீர் வெளியேறுவதற்குப் பதிலாகக் கடல்நீர் உட்புகுகிறது. 2005இல் நிகழ்ந்தது அதுவே: அன்று பிற்பகல் 3.50 மணிக்குக் கடல் 4.48 மீட்டர் ஏற்றம் கண்டது; மழையின் உச்சமும் அப்பொழுதை ஒட்டியே அமைந்தது.

1993இல் அளிக்கப்பட்ட பிரிம்ஸ்டோவாட் அறிக்கை வடிகால்களின் திறனை மணிக்கு 50 மி.மீ. ஆக உயர்த்தவும், கடலோரம் நீர் இறைப்பு நிலையங்கள் அமைக்கவும் பரிந்துரைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அது பெரும்பாலும் ஏட்டிலேயே இருந்தது. 2005 வெள்ளத்திற்குப் பின்னரே நிதியும் வேகமும் பெற்றது. ஹாஜி அலி, இர்லா, வொர்லி போன்ற இடங்களில் இறைப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. மாட்டுங்கா, சயான், செம்பூர் ஆகியவற்றின் நீரை வாங்க வேண்டிய மாஹுல் நிலையமோ நிலத்திற்காகவே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. திட்டங்களை வகுப்பதில் நமக்குள்ள திறமை நிலத்தைக் கையகப்படுத்துவதில் இருப்பதில்லை.

மூன்று பகுதிகள், மூன்று அபாயங்கள்

மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதிகள் கிண்ணத்தின் அடிப்பாகம் போன்றவை. இங்கு ஆறு இல்லை. வருவது வடிகால் நீர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணுக்கால் முதல் முழங்கால் வரை நிற்கும். சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அண்மை ஆண்டுகளில் இங்கு நிறுவப்பட்ட இறைப்பிகளால் நீர் நிற்கும் நேரம் குறைந்துள்ளது. இத்தகைய வெள்ளம் அடிக்கடி வருவது, அளவில் சிறியது, முன்கூட்டியே ஊகிக்கத் தக்கது.

தாராவியின் நிலை வேறு. கோலி மீனவர்களின் கிராமமாக இருந்த இப்பகுதியின் சதுப்பு நிலத்தை, குஜராத்திலிருந்து வந்த குயவர்களும், தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லைச் சீமையிலிருந்து வந்த நம் மக்களும் தம் உழைப்பால் தூர்த்து வாழ்விடமாக்கினர். மிட்டி ஆறு பெருகினாலும், மாஹிம் கழிமுகத்தில் கடல் ஏறினாலும் நீர் பின்வாங்கித் தாழ்ந்த சந்துகளுக்குள் நுழைகிறது. சாக்கடையும் தொழிற்கூடக் கழிவும் கலந்த நீர் அது. தரைத்தளத்தில் தையல் இயந்திரங்களும் தோல் சரக்கும், மேலே பரணில் குடும்பமும் என்ற அமைப்பே அங்கு மிகுதி. எனவே ஒரு முழ நீர் புகுந்தாலும் முதலில் அழிவது வாழ்வாதாரம்.

செம்பூரில் இரண்டு வகை அபாயங்கள் அருகருகே உள்ளன. மாஹுல் கழிமுகத்தை நோக்கிச் சரியும் தாழ்ந்த குடியிருப்புகளில் நீர் தேங்குகிறது. டிராம்பே குன்றின் சரிவிலோ அபாயம் மேலிருந்து வருகிறது. 2021 ஜூலை 18ஆம் நாள் அதிகாலை, மாஹுலை ஒட்டிய பாரத் நகரில் சுற்றுச்சுவரொன்று மழையில் சரிந்து குடிசைகளின் மேல் விழுந்ததில் 19 பேர் மாண்டனர். அவர்கள் வாழ்ந்தது மேட்டில். வெள்ளம் வராத மேட்டு நிலம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை அங்குப் பொய்த்தது.

நூறாண்டு வெள்ளம் என்பது என்ன

வெள்ளத்தைப் பற்றிய அரசு ஆவணங்களில் ‘நூறாண்டு வெள்ளம்’, ‘இருபத்தைந்தாண்டு வெள்ளம்’ என்ற தொடர்கள் வருகின்றன. மகாராஷ்டிர நீர்வளத் துறை ஆற்றோரங்களில் வரையும் நீலக்கோடு 25 ஆண்டு வெள்ளத்தையும், செங்கோடு 100 ஆண்டு வெள்ளத்தையும் குறிக்கின்றன. இச்சொற்களைக் கேட்பவர், 2005இல் ஒன்று வந்துவிட்டதால் அடுத்தது 2105இல்தான் என்று எண்ணிவிடுகிறார். இது பெரும் பிழை. நூறாண்டு வெள்ளம் என்பது எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம். சென்ற ஆண்டு வந்ததா இல்லையா என்பதை அது கேட்பதில்லை.

20 ஆண்டு வீட்டுக்கடன் பெற்று ஒருவர் வீடு வாங்குகிறார் எனக் கொள்வோம். கடன் தீரும் முன் நூறாண்டு வெள்ளம் ஒருமுறையேனும் வருவதற்கான வாய்ப்பு 18 விழுக்காடு. வீடு நீலக்கோட்டிற்குள் இருந்தால், 25 ஆண்டு வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு 56 விழுக்காடு. அதாவது வராமல் இருப்பதைவிட வருவதே அதிக வாய்ப்புடையது. கடனுக்கான தவணையை இம்மியளவும் பிசகாமல் கணக்கிடுகிற நாம், இந்த எளிய பெருக்கலைச் செய்வதில்லை.

தவிரவும், இக்கணக்குகள் பழைய மழைப் பதிவுகளின் மேல் எழுந்தவை. 2025இல் மே 26ஆம் நாளே பருவமழை மும்பையை அடைந்தது. அம்மாதத்தில் கொலாபா கண்ட மழை, 1918 முதல் நிலைத்திருந்த மே மாதப் பதிவை முறியடித்தது. ஆகவே பழைய கோடுகளைக் கீழ்வரம்பாகக் கொள்வதே விவேகம்.

வெள்ளச் சமவெளியில் எதைக் கட்டலாம், எதைக் கட்டலாகாது என்பதற்கான மாதிரி மசோதா ஒன்றை மத்திய அரசு 1975இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. அரை நூற்றாண்டில் அதன் அடிப்படையில் சட்டமியற்றிய மாநிலங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அரசு வரைபடத்திற்காகக் காத்திராமல் குடியிருப்போர் தாமே அறியத்தக்கவை மூன்று: தம் வீட்டுத் தரை தெருவைவிட எத்தனை அங்குலம் உயரம், 2005, 2017, 2019 ஆகிய ஆண்டுகளின் மழையில் சுவரில் நீர் எதுவரை ஏறியது, வரும் பருவத்தில் கடல் நாலரை மீட்டருக்குமேல் ஏறும் நாட்கள் எவை. முதலிரண்டும் அண்டை வீட்டு முதியவரிடமும் ஓர் அளவுநாடாவிலும் கிடைக்கும். மூன்றாவதை மாநகராட்சி ஆண்டுதோறும் வெளியிடுகிறது.

எதனைக் காப்பீடு செய்வது

அடிக்கடி வரும் சிறு இழப்பையும் அரிதாக வரும் பேரிழப்பையும் பொருளியல் வேறுபடுத்திக் காண்கிறது. முன்னதற்குக் காப்பீடு ஏற்ற கருவியன்று. ஆண்டுதோறும் கணுக்கால் நீர் புகும் கடைக்காரர் அதற்கெல்லாம் இழப்பீடு பெற வேண்டுமானால், அந்த இழப்பையும் நிறுவனத்தின் நிர்வாகச் செலவையும் சேர்த்துத் தாமே பிரீமியமாகக் கட்ட வேண்டியிருக்கும். அவருக்கு வேண்டியது இரண்டடி உயரத்தில் ஒரு மரத்தட்டு, வாசலில் பொருத்தும் தடுப்புப் பலகை, மேலே மாற்றப்பட்ட மின்மானி. காப்பீடு சுமக்க வேண்டியது, தட்டுக்கு மேலும் நீர் ஏறுகிற அந்த ஒரு நாளை. மாட்டுங்காவில் தட்டு முதலில், பாலிசி பிறகு. தாராவியின் ஆற்றோரச் சந்துகளில் இரண்டும் ஒருங்கே வேண்டும்.

பாலிசியில் எழுதியிருப்பது

1973ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொதுக் காப்பீடு நாட்டுடைமையான காலத்திலும், தனியார் நிறுவனங்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னரும், நம் நாட்டில் வெள்ளத்திற்கெனத் தனிப் பாலிசி வழக்கில் இருந்ததில்லை. அது தீக் காப்பீட்டோடு இணைந்தே வந்தது. 2001இன் அகில இந்தியத் தீக் காப்பீட்டுக் கட்டண விதிகளில் புயலும் வெள்ளமும் பொதுப் பாலிசியிலேயே சேர்ந்திருந்தன. வேண்டாதவர் அப்பகுதியை நீக்கிப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இச்சலுகையே சிலருக்கு வினையாயிற்று. எனக்குத் தெரிந்த சயான் வணிகர் ஒருவர் சிறு தொகையை மிச்சப்படுத்த வெள்ளப் பகுதியை நீக்கியிருந்தார். நீக்கியது அவருக்கே நினைவில்லை. 2005 ஆகஸ்டில் கிடங்கின் சரக்கு முழுவதும் கூழான நிலையில், பாலிசித் தாளை எடுத்துவந்து என்னிடம் காட்டினார். அதில் அந்த ஒற்றை வரி இருந்தது. அவர் கிடங்கை மூடிவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பினார்.

2021 ஏப்ரல் 1 முதல் நிலைமை எளிதாகியுள்ளது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படி எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகம் உடைய மூன்று பாலிசிகளை வழங்குகின்றன: வீடுகளுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா, மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரையுள்ள தொழிலகங்களுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, அதற்குமேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. வெள்ளம், புயல், நிலச்சரிவு ஆகியவை இவற்றில் அடக்கம்.

வீட்டுப் பாலிசியில் காப்பீடு செய்யப்படுவது கட்டுமானச் செலவு, சந்தை விலையன்று. மும்பையில் இவ்வேறுபாடு மிகப் பெரிது. மாட்டுங்காவில் 600 சதுர அடி வீட்டின் விலை எத்தனை கோடியாயினும், அதில் பெரும்பகுதி நிலத்தின் விலை. நிலத்தை வெள்ளம் அடித்துச் செல்வதில்லை. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 4,000 ரூபாய் எனக் கொண்டால் காப்பீட்டுத் தொகை 24 இலட்சம். பிரீமியம் இத்தொகைக்கே. வீட்டு விலையை எண்ணி அஞ்சி ஒதுங்குவோர் இதனைக் கவனிக்க வேண்டும். வீட்டிலுள்ள பொதுவான பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, உச்சவரம்பு 10 இலட்சம் ரூபாய், தானாகவே சேர்கிறது. மேற்சொன்ன வீட்டிற்கு அது 4 இலட்சத்து 80 ஆயிரம். வாடகைக்கு இருப்போர் பொருள்களுக்கு மட்டுமே பாலிசி எடுக்கலாம்.

கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் கட்டடத்திற்கு எடுக்கும் பாலிசி உறுப்பினரின் பீரோவையும் குளிர்சாதனப் பெட்டியையும் காக்காது. இதனைப் பொதுக்குழுவில் கேட்டறிய வேண்டும். மேலும், ஒவ்வொரு மழைக்காலத்திலும் கூரையிலும் சுவரிலும் மெல்லக் கசியும் ஈரம் வெள்ளமாகாது. அது பராமரிப்புக் குறை. செம்பூரின் பழைய கட்டடங்களிலிருந்து எழும் கோரிக்கைகள் நிராகரிக்கப்படுமானால், இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

வணிகர் அறிய வேண்டிய முதல் விதி சராசரி விதி. 10 இலட்சம் ரூபாய்ச் சரக்குள்ள கடையை 6 இலட்சத்திற்கு மட்டும் காப்பீடு செய்திருக்கிறார் ஒருவர். 4 இலட்சம் ரூபாய்ச் சரக்கு நனைந்து போகிறது. இழப்பு காப்பீட்டுத் தொகைக்குள் அடங்கியிருப்பதால் முழுவதும் கிடைக்கும் என்று அவர் எண்ணுகிறார். கிடைப்பதோ பத்தில் ஆறு பங்கான 2 இலட்சத்து 40 ஆயிரம். எஞ்சிய பங்கிற்கு அவரே தமக்குக் காப்பீட்டாளர் என்பது விதியின் கருத்து. புதிய பாலிசிகளில் 15 விழுக்காடு வரையுள்ள குறைவு பொருட்படுத்தப்படுவதில்லை. எட்டரை இலட்சத்திற்குச் செய்திருந்தால் அவருக்கு முழு இழப்பும் கிடைத்திருக்கும். வங்கிக் கடனின் பொருட்டு எடுக்கப்படும் பாலிசி கடன் தொகை அளவுக்கே அமைந்துவிடுவதுண்டு. தீபாவளிக்கு முன்பு சரக்கு இரு மடங்காகும்போதும் அது அப்படியே இருக்கிறது.

வாகனங்களைப் பற்றி ஒரு சொல். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்போருக்கு வெள்ளச் சேதத்திற்கு ஒன்றும் கிடையாது. முழுப் பாலிசி உடையவரும் நீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு இயக்கிப் பார்த்து எஞ்சினைக் கெடுத்துக்கொண்டால், அது பின்விளைவுச் சேதமெனத் தள்ளப்படலாம். எஞ்சினுக்கெனத் தனிச் சேர்க்கை இருந்தாலன்றி. 2005இல் என் ஸ்கூட்டர் மூன்றாம் நபர் பாலிசியோடு இரண்டு நாள் நீரில் கிடந்தது. பிறருக்குச் சிக்கனம் போதிக்கும் பதவியில் இருந்த எனக்கு அது ஏற்ற பாடம்.

ஆவணமற்ற தொழிற்கூடங்கள்

மேற்சொன்னவை யாவும் ரசீதும் முகவரியும் உடையோருக்கு. தாராவியின் தொழிற்கூடத்தில் கதை வேறாகிறது. காப்பீடு செய்பவருக்கு அப்பொருளில் சட்டம் ஏற்கும் உரிமைநலன் இருக்க வேண்டும். கட்டடத்தின் மீது பட்டா இல்லாதவர் கட்டடத்தைக் காப்பீடு செய்ய இயலாமல் போகலாம். ஆனால் சரக்கிற்கும் இயந்திரத்திற்கும் அத்தடை இல்லை. வாங்கிய ரசீது, சரக்குப் பதிவேடு, உத்யம் பதிவுச் சான்று ஆகியவை இருந்தால் போதும். இருந்தும், தரைத்தளத்தில் நாலைந்து இயந்திரங்களோடு தொழில் நடத்துவோரிடம் இவை இருப்பது அரிது.

அதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. அங்குள்ள தையற்கூடங்களில் தரையில் குவிந்திருக்கும் துணி பெரும்பாலும் தைப்பவருடையதன்று. நகரின் பெரிய வணிகர் வெட்டித் தைக்கக் கொடுத்தது. பிறருக்காக ஒப்படைப்பில் வைத்திருக்கும் சரக்கு பாலிசியில் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டால் மட்டுமே காப்புப் பெறும். குறிக்கப்படாத நிலையில் துணி நனைந்தால், வணிகரின் பாலிசி அவருடைய கிடங்கு முகவரியோடு நிற்கிறது. தைப்பவரின் பாலிசி, இருந்தால், அவருடைய இயந்திரங்களோடு நிற்கிறது. இடையில் விழுந்த துணியின் விலை கூலியில் மாதக்கணக்கில் பிடித்தம் செய்யப்படுகிறது. துணியை ஏற்கும்போதே, ‘தைக்கக் கொடுத்த இடங்களில் உள்ள சரக்கும் அடக்கம்’ என்று வணிகரின் பாலிசியில் எழுதச் சொல்வது தையற்காரருக்கு உள்ள மலிவான பாதுகாப்பு. கேட்கும் துணிவு ஒருவருக்கு இல்லாவிடினும் சந்திலுள்ள இருபது பேர் சேர்ந்தால் வரும்.

அரசு நிவாரணம் இந்த இடைவெளியை அடைப்பதற்கு அமைந்ததன்று. பேரிடர் நிவாரண நெறிமுறைகள் உயிரிழப்பிற்கு 4 இலட்சம் ரூபாய் வழங்குகின்றன. கைவினைஞரின் கருவிக்கும் மூலப்பொருளுக்கும் சில ஆயிரங்கள். அது பசியாற்றும்; தொழிலை மீட்காது.

ஆவணமின்மைக்கு மாற்றாக இன்று பேசப்படுவது குறியீட்டு அடிப்படையிலான காப்பீடு. குறிப்பிட்ட மழைமானியில் குறிப்பிட்ட அளவைக் கடந்து மழை பதிவானால், மதிப்பீட்டாளர் வராமலும் ரசீது கேளாமலும் முன்பே குறித்த தொகை கிடைக்கும். நாகாலாந்து அரசு இத்தகைய ஏற்பாட்டைச் செய்து, 2025இல் ஒரு கோடி ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகையைப் பெற்றது. தாராவிக்கு இது பொருந்துமா என்றால், கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட இரண்டு எண்களுக்கே திரும்ப வேண்டும். ஒப்பந்தம் கொலாபா மானியைச் சுட்டியிருந்தால், 2005 வெள்ளத்தில் கழுத்தளவு நீரில் நின்றவருக்கு ஒரு காசும் வந்திராது. மழைமானி மட்டுமின்றி மிட்டியின் நீர்மட்டமும் கடல் ஏற்றமும் சேர்ந்த குறியீடே இங்குப் பயன் தரும். மாநகராட்சியின் தானியங்கி மழைமானிகள் இன்று நகர் முழுதும் பரவியுள்ளன. 2020இல் தொடங்கப்பட்ட ஐஃப்ளோஸ் மும்பை என்னும் வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு, மழை, ஆறு, கடல் மூன்றையும் ஒன்றாகக் கணிக்கிறது. குறியீட்டிற்கு வேண்டிய அடிப்படை இருக்கிறது. பிரீமியத்தில் எந்தப் பங்கை யார் ஏற்பது என்பதே தீர்க்கப்பட வேண்டிய வினா.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்கா 1968இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. நூறாண்டு வெள்ளக் கோட்டிற்குள் உள்ள வீட்டை ஈடாக வைத்து, அரசின் கண்காணிப்பிற்கு உட்பட்ட வங்கியில் கடன் பெறுவோர் வெள்ளக் காப்பீடு எடுத்தாக வேண்டும். ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் உள்ள ஒவ்வொரு மனையின் நிலையையும் காட்டும் வரைபடங்கள் பொதுமக்களுக்குக் கிடைக்கின்றன. இது நாம் பின்பற்றத் தக்கது. ஆனால் பிரீமியம் நெடுங்காலம் அபாயத்தைவிடக் குறைவாக வைக்கப்பட்டதால், திட்டம் கடனில் மூழ்கி, 2017இல் 1,600 கோடி டாலர் கடனை அந்நாட்டு நாடாளுமன்றம் தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

பிரிட்டன் 2016இல் வேறு வழியை மேற்கொண்டது. வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தின் மீதும் தீர்வை விதித்து, அந்நிதியிலிருந்து அபாயப் பகுதி வீடுகளின் பிரீமியம் தாங்கப்படுகிறது. 2009க்குப் பின் கட்டப்பட்ட வீடுகளுக்கு இச்சலுகை கிடையாது. நீரின் வழியில் இனிமேலும் கட்டுவோரின் சுமையைப் பிறர் ஏற்க வேண்டியதில்லை என்பது இதன் உட்கருத்து. மிட்டியின் கழிமுகச் சதுப்பை மேடாக்கிப் பாந்திரா-குர்லா வளாகத்தை எழுப்பிய நகருக்கு இந்த விதி சிந்தனைக்குரியது. சென்னையில் 2015 டிசம்பரில் மூழ்கிய வேளச்சேரியைக் கண்டவர்களுக்கும் அவ்வாறே. தாராவியின் மறுசீரமைப்பில் புதிய கட்டடங்களின் அடித்தளம் எந்த நீர்மட்டத்தைக் கருதி எழுப்பப்படுகிறது, அந்த உயரத்தால் ஒதுக்கப்படும் நீர் அடுத்த சந்துக்குள் போகுமா என்பதும் குடியிருப்போர் இப்போதே கேட்க வேண்டிய கேள்விகள்.

இழப்பு நேர்ந்தபின்

நீர் வடிந்தவுடன் நாற்றம் தாங்காமல் நனைந்த சரக்கை வாரித் தெருவில் கொட்டுவது இயல்பு. மதிப்பீட்டாளர் வரும்போது காட்ட ஒன்றும் இராது. நீர் நிற்கும்போதே அளவுகோலை வைத்துப் படமெடுக்க வேண்டும். சுவரில் நீர்க்கோட்டைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துத் தேதியிட வேண்டும். நிறுவனத்திற்கு அன்றே எழுத்தில் தெரிவித்து, அழுகும் சரக்கை அகற்ற அனுமதி பெற்று, ஒவ்வொரு வகையிலும் மாதிரி எடுத்து வைக்க வேண்டும். சரக்குப் பதிவேடும் பாலிசியும் தரைத்தளப் பெட்டியிலேயே இருந்து அவையும் நனைந்துபோன நிகழ்ச்சிகள் பல. அவற்றின் படி ஒன்று மேல்தளத்திலோ கைபேசியிலோ இருப்பது நன்று. நிறுவனத்தின் முடிவு நியாயமற்றதெனத் தோன்றினால், அதனிடம் முதலில் எழுத்து மூலம் முறையிட்டு, பயனில்லையெனில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 50 இலட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகளை அவர் கட்டணமின்றி விசாரிக்கிறார்.

பாலிசியைப் புதுப்பிக்கும் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வானில் மேகம் திரண்டபின் புதுப் பாலிசி தர நிறுவனங்கள் தயங்குவது இயற்கை. ஜூன் மாதத்தில் முடிவடையும் பாலிசி, பருவமழையின் முதல் வாரத்தில் ஒரு நாள் தவறினாலும் கைவிட்டுவிடும். அத்தகைய பாலிசியை வைத்திருப்போர் முகவரிடம் கேட்டு அதனை ஏப்ரல் மாதத்திற்கு மாற்றிக்கொள்ளலாம்.